ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு?

தூத்துக்குடியில் ஒருவர் புதிதாகத் தொழில் தொடங்கப் போகிறார் என்று தெரிந்தால் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. டீக்கடை பெஞ்சில் இருப்பவர் கருவாட்டைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்வார். சித்தப்பா உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கச் சொல்வார். மக்ரூன் போட்டால் ஓஹோவென்று ஓடும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர், மானியம் வாங்கித் தருகிறேன் என்று இன்னொருவர். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர், சேர்த்த பணத்தையும் அடகுக்குப் போகவிருக்கும் நகையையும் மனதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சொல்பவருக்கு அது ஒரு பேச்சு. கேட்பவருக்கு அடுத்த பத்து வருடம்.

எதை நம்பிக் காசை இறக்குவது என்ற இந்தக் கேள்வியை இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் மிகக் கூர்மையாகக் கேட்டது. பதில் காண ஒரு முறையையும் வைத்திருந்தது. முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக் குளிப்பைப் பற்றி எழுதுபவர்கள் கொற்கையையும் பாண்டியரையும் சொல்வார்கள், மூச்சடக்கிக் கடலுக்குள் போன குளியாளிகளைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சலாபத்தில் மிகவும் பிடித்தது, ஒருவரும் பாட்டெழுதாத ஒரு கணக்கு வேலை. அதற்குப் பெயர் மாதிரி எடுப்பது.

முத்துச்சிப்பி வாங்குவது போன்ற குருட்டு வியாபாரம் வேறு இல்லை. சிப்பி மூடியிருக்கும்போதே ஏலம் நடக்கும். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கேட்டு, பணத்தைக் கட்டி, மூட்டை மூட்டையாக எடுத்துப் போய், கொட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குள் போட்டு அழுக வைப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் புழுவும் ஈயும் மொய்க்கும். அதன்பிறகு கழுவி அரித்து எடுக்கும்போதுதான் முத்து எவ்வளவு என்று தெரியும். பெரும்பாலான சிப்பிகளில் விலைபோகும் முத்து எதுவும் இருக்காது. அப்படியானால் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வரும் வியாபாரி எதை நம்பி ஏலத்தில் கை தூக்குவார்?

அதற்காகத்தான் மாதிரி. பார் என்று இங்கே சொல்வது கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்தளத்தை. தூத்துக்குடிக்கு நேரே இருக்கும் தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. சலாபம் வைப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அரசின் ஆய்வாளர் படகில் போய், குளியாளிகளை இறக்கி, பாரில் எத்தனை சிப்பி, என்ன வயது என்று பார்ப்பார். வயது குறைந்த சிப்பியில் முத்து சிறுத்திருக்கும். வயது முற்றினாலோ சிப்பி செத்து, உள்ளிருந்த முத்தும் மணலோடு போய்விடும். பக்குவம் சரியாக இருந்தால் சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் அள்ளி வந்து, அழுக வைத்து, கழுவி, கிடைத்த முத்து முழுவதையும் விலை மதிப்பார்கள்.

மதிப்பிடும் வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்துப் பித்தளைச் சல்லடைகள். துளையின் எண்ணிக்கைதான் ஒவ்வொன்றுக்கும் பெயர்: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. இருபதில் நிற்பது மிகப் பெரிய முத்து, ஆயிரத்தில் நிற்பது பொடி. அளவு பிரித்த பிறகு, வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, உருண்டையும் ஒளியும் குறையாத ஆணி முத்து ஒரு பக்கம், அதற்கு ஒரு படி கீழே அணதாரி, பிறகு வடிவு, குறுவல், கடைசியில் தூள் என்று ஒதுக்குவார்கள். மஞ்சாடி எடையில் நிறுத்து விலை போடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டி, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று ஒரே ஓர் எண் வரும். அந்த எண்ணை அரசு வெளிப்படையாக அறிவித்துவிடும். பரம்பரையாக முத்து வாங்கும் குடும்பத்தவருக்கும் முதன்முதலாக மடியில் நூறு ரூபாய் முடிந்து வந்தவருக்கும் அதே எண்தான்.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்த எண் யாருக்கும் லாபம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. இந்தப் பாரில், இந்தப் பருவத்தில், இத்தனை சிப்பியை உடைத்துப் பார்த்தோம், இது கிடைத்தது என்று மட்டும் சொன்னது. வெறும் சிப்பியும் அதே கணக்கில் அடக்கம். முத்து கிடைத்த சிப்பியை மட்டும் எடுத்துக்காட்டி ஆசை மூட்டவில்லை.

எல்லையோடு சொன்ன பதிலை எல்லை தாண்டி எடுத்துக்கொண்டவர்களின் கதையும் இதே மன்னார் வளைகுடாவில்தான் நடந்தது. 1905இல் எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கும் மேல் சிப்பிகள் அள்ளப்பட்டன. அப்படியொரு சலாபம் அதற்கு முன்போ பின்போ அங்கே நடந்ததில்லை. பேராசிரியர் ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலறிஞர் அந்தப் பார்களை ஆராய்ந்து, 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டிருந்தார். மெத்தப் படித்தவரின் ஆய்வும் கண்ணெதிரே கொட்டிக் கிடந்த சிப்பியும் சேர்ந்தால் நம்பிக்கைக்கு என்ன குறை? லண்டன் முதலீட்டில் ஒரு கம்பெனி உருவாகி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியைக் கலைத்தார்கள். இலங்கையில் அடுத்த சலாபம் 1925இல்தான்.

ஆய்வைக் குறை சொல்வது நியாயமாகாது. பாரில் சிப்பி நிலைப்பதும் நிலைக்காததும் நீரோட்டத்தையும், மணல் வந்து மூடுவதையும், திருக்கையும் நட்சத்திரமீனும் தின்று தீர்ப்பதையும் பொறுத்தது. இந்தப் பக்கமும் அதே கதைதான்: 1928க்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடந்தது 1955இல், 1961இல் கடைசி. ஒரு பருவத்துக்குச் சொன்ன பதிலை 20 ஆண்டுக்கு நீட்டியதுதான் அந்தக் கம்பெனியைக் கவிழ்த்தது. நன்றாக ஓடும் கடையைப் பார்த்து அதே தெருவில் கடை போடுகிறவரும், போன வருட உப்பு விலையைப் பார்த்து இந்த வருடம் குத்தகை எடுக்கிறவரும் அந்தக் கம்பெனி செய்ததையே சின்ன அளவில் செய்கிறார்கள்.

அந்த முத்துக் கம்பெனி குத்தகை எடுத்த 1906ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 16ஆம் தேதி, இந்தக் கரையில் இன்னொரு கம்பெனி பதிவானது. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 10 லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்துக்காரர், வக்கீல், வயது 34. அவரை நாம் கப்பலோட்டிய தமிழன் என்று சிலையாக்கி வைத்திருக்கிறோம். அவர் பெயர்தான் இன்று துறைமுகத்துக்கு. ஒரு புதிய தொழில்முனைவராக அவரை நினைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. கப்பல் தொழிலில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. கப்பலை எங்கே வாங்குவது, பழைய கப்பலின் கொதிகலன் எத்தனை நாள் தாங்கும், ஒரு நடைக்கு நிலக்கரி எவ்வளவு போகும், கட்டணம் எந்த அளவுக்குக் குறைந்தால் கை நஷ்டம் என்று யாரிடம் கேட்பார்? தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் அந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியா (பி.ஐ.) ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காரர்கள். அவர்களை எதிர்த்துத்தான் கப்பல் விடப் போகிறார்.

சுற்றி நல்ல மனிதர்கள் இருந்தார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக வந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்கு வாங்கி 2 லட்ச ரூபாய் கொடுத்தார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசனை சொன்னார். தமிழும் பணமும் சட்டமும் கிடைத்தன. கப்பல் தெரிந்த ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. முதலில் கப்பலை வாடகைக்குத்தான் எடுத்தார்கள். பி.ஐ. கம்பெனி நெருக்கியதும் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். உடனே வ.உ.சி. கொழும்பிலிருந்து ஒரு கப்பலைப் பிடித்து நடையை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டார். பிறகு பம்பாய் போனார், எஸ்.எஸ். காலியா வந்தது, கம்பெனி சார்பில் வேதமூர்த்தி என்பவர் பிரான்சுக்குப் போய் எஸ்.எஸ். லாவோவை வாங்கினார். இரண்டும் 1907இல் தூத்துக்குடி சேர்ந்தபோது ஊர் திரண்டு நின்றது.

அதன் பிறகு கட்டணப் போர். பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசிக் கப்பலில் எட்டணா. பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது, குடையும் கொடுத்தது என்பார்கள். இதற்கு எந்த மாதிரி எடுத்துப் பார்த்திருக்க முடியும்? எதிராளி எத்தனை காலம் நஷ்டத்தைத் தாங்குவான் என்பது ஒரு புதிய வியாபாரியின் கேள்விகளிலேயே கொடியது. அதற்கான விடை எதிராளியின் பெட்டிக்குள்தான் இருக்கும். 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவரை வெளியே விட்டு வைக்க ஆட்சிக்கு மனமில்லை. 1911இல் கம்பெனி கலைந்தது. அவர் தோற்றது அறியாமையால் என்று சொல்ல மாட்டேன். அரசே எதிரே நின்ற வியாபாரம் அது. ஆனால் அந்த இரண்டு வருடங்களில் அவர் பட்டுத் தெரிந்துகொண்டதை, அடுத்துக் கப்பல் விட வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம் இருந்ததா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

முத்துக் குளிப்பில் கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் கணமும் தாமதிக்காமல் இழுக்க வேண்டும். தன் தங்கை தாலியை நினைத்தாவது மச்சான் இழுப்பான் என்பது நம்பிக்கை. யோசனை கேட்பதற்கும் இது நல்ல அளவுகோல்தான். நாம் முழுகினால் அவருக்கும் வலிக்குமா என்று பார்த்துவிடலாம். ஆனால் மச்சானுக்குக் கயிறுதான் தெரியும். பாரில் சிப்பி இருக்கிறதா, அதில் முத்து இருக்கிறதா என்பது தெரியாது. சொந்தபந்தங்களிடம் யோசனை கேட்டுத் தொழில் தொடங்கி நொடித்தவர்களைப் பார்க்கும்போது, சொன்னவர்களின் பாசத்தில் ஒரு குறையும் இருக்காது. குறை அவர்கள் அந்தத் தொழிலுக்குள் இறங்காததில் இருக்கும்.

அக்கறையும் அனுபவமும் ஒரே இடத்தில் கிடைக்க இந்தத் தென்மாவட்டங்களில் வணிகர்கள் ஒரு வழி செய்துகொண்டார்கள். வண்டி கட்டிப் போன நாடார் வணிகர்கள் ஊருக்கு ஊர் பேட்டை அமைத்தார்கள்: மாடு அவிழ்க்க, சரக்கு இறக்க, ராத் தங்க. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுப்பணம் சேர்த்தார்கள். அந்தப் பேட்டையில் ராத்திரி நடந்த பேச்சில்தான் எந்த ஊரில் எந்தச் சரக்கு தேங்குகிறது, யார் கடன் திரும்பாது என்பதெல்லாம் கைமாறியிருக்கும். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கல்கத்தாவுக்கே போய், மாதக்கணக்கில் இருந்து கற்று, 1923இல் ஊர் திரும்பி ஆரம்பித்தார்கள். கோவில்பட்டி வரைக்கும் எத்தனை குடும்பங்களுக்கு அது சோறு போட்டது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பேட்டைக்கு ஒரு சுவர் இருந்தது. அந்தச் சாதியில் பிறக்காதவருக்கும் பெண்களுக்கும் அந்த ராத்திரிப் பேச்சு காதில் விழாது. இன்றும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. உப்பளத்துக் கூலியின் மகளுக்கு அது எங்கே கிடைக்கும்?

அப்படியொரு பெண்ணை ஒரு மொத்தக் கருவாட்டுக் கடையில் பார்த்தேன். பட்டம் படித்தவள். நெத்திலிக் கருவாட்டைப் பொட்டலம் போட்டுச் சென்னைக்கு அனுப்பலாம் என்று யோசனை.

“எம்புட்டு எடுக்கலாம் அண்ணாச்சி?” என்றாள்.

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அவள் வேறெங்கோ வாங்கி மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். தாளில் பொடி உதிர்ந்தது. விரலால் தொட்டுக் காட்டினார். மணல்.

“தரையில காஞ்ச சரக்கும்மா. இத பாக்கெட் போட்டன்னா ஒருத்தன் ஒருதடவதான் வாங்குவான்.” பிறகு கேட்டார்: “ஐப்பசி, கார்த்திகை மழையில காயாதே, என்ன செய்வ? தடைக்காலத்துல வெல ஏறுமே, அப்ப என்ன வெலைக்குக் குடுப்ப?” ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது அவளுக்குத் தெரியும், அது தன் கணக்கிலும் வரும் என்று அன்றைக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். “மொதல்ல பத்துக் கிலோ கொண்டு போ. மீந்துச்சுன்னா கொண்டா, நான் எடுத்துக்கிடுதேன்” என்றார்.

மீந்ததை எடுத்துக்கொள்கிறேன் என்ற அந்த வாக்கில்தான் அவர் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் மதிப்பு ஏறியது.

எல்லாப் பதிலும் கருவாட்டுக் கடையில் கிடைத்துவிடாது. அதே பெண், வாங்கிய கருவாட்டை அப்படியே விற்றால் வியாபாரி. தானே மீன் வாங்கி உப்பிட்டு உலர்த்தி விற்றால் உற்பத்தியாளர். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருவருக்கும் உண்டு. ஆனால் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு உற்பத்தியாளருக்குத்தான். வெறும் வாங்கி விற்பவருக்கு இல்லை. பாக்கி வசூலாகாமல் மூடும் சிறு தொழில்கள் எத்தனையோ இருக்க, இந்த ஒரு வித்தியாசத்தை முதல் நாளே ஒருவர் சொல்லிவிட்டால் எவ்வளவு நல்லது. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் காசு வாங்கிக்கொண்டு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூலம் கடன் கைக்கு வந்த அன்றோடு அந்த உறவு முடிந்துவிடுகிறது. தவணை கட்ட முடியாமல் திணறும் மாதத்தில் அவர்கள் போனை எடுப்பதில்லை.

பதிலை அளந்து வைத்திருக்கும் இடங்களும் இந்த ஊரில் உண்டு. மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் அழகர்சாமி 1973இல் பக்கத்து வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். எது முடியும், எது முடியவில்லை என்று கைப்படச் செய்து பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாசலில் காவலாளியைப் பார்த்துத் தயங்கித் திரும்பிவிடுகிறவர்களிடம், தயவுசெய்து உள்ளே போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது உங்கள் வரியில் நடப்பது.

மாவட்டத் தொழில் மையத்திடமும் வங்கிகளிடமும் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்களின் விவரம் அவர்கள் கையில் இருக்கிறது. அதில் வென்றவர் ஒருவரை மேடையேற்றிச் சால்வை போடுவது நல்ல காரியம்தான். அதோடு, பெயர் எதுவும் சொல்லாமல், தொழில் வாரியாக ஒரு கணக்கை ஆண்டுதோறும் வாசலில் ஒட்டலாம். ஐந்து வருடத்துக்கு முன் கருவாட்டுக்கும் உப்புக்கும் மக்ரூனுக்கும் தையலுக்கும் கடன் எடுத்தவர்களில் இன்று எத்தனை பேர் நடத்துகிறார்கள், மூடியவர்கள் எந்த மாதத்தில் மூடினார்கள், எதனால் மூடினார்கள். சரக்கு கெட்டதாலா, பாக்கி நின்றதாலா, வட்டியாலா. அந்தக் கணக்கைப் போட ஓய்வுபெற்ற வணிகர்கள் நாலு பேரையும், தொழில் மூடிய நாலு பேரையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். மூடியவர்களுக்குத்தான் எந்தச் சல்லடையில் எது நிற்கும் என்று நன்றாகத் தெரியும். அவர்களுக்கு அன்றைய கூலியையும் கொடுக்க வேண்டும். நூறாண்டுக்கு முன் ஓர் அந்நிய அரசு, தன் ஏலத்துக்கு ஆள் வரவேண்டும் என்ற சுயநலத்தில்தான் என்றாலும், வெறும் சிப்பியையும் கணக்கில் சேர்த்து எண்ணை அறிவித்தது. நம் பிள்ளைகள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த எண் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.